வடிவத்தைத் திறந்தால் உங்கள் வீடியோ திறந்துவிடாது

“பெரிய கம்பனிகள் தங்கள் வீடியோ வடிவங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டன. போனில் உள்ள கலியாண வீடியோக்களை இனி யாரும் பார்க்கலாம், உடனே அழியுங்கள்!” வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் இப்படியொரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

திறக்கப்படுவது, கோப்பு எப்படி எழுதப்படுகிறது என்ற விவரக்குறிப்பு மட்டுமே. பூட்டு செய்யும் முறை வெளியானால் உங்கள் வீட்டுச் சாவி பறிபோனதாகுமா?

கம்பனிகள் இதைத் தர்மத்துக்காகவும் செய்வதில்லை. இணையத்தில் வீடியோ காட்டப் பயன்பட்ட ஃபிளாஷ் வடிவத்தின் விவரக்குறிப்பை வைத்து வேறு பிளேயர் உருவாக்கக் கூடாது என்றிருந்த தடையை அடோபி 2008இல் நீக்கியது. போன், டிவி தயாரிப்பாளர்களும் அதைச் சேர்க்க வேண்டுமே! கூகுள் 2010இல் ஒன்2 என்ற வீடியோ தொழில்நுட்பக் கம்பனியை வாங்கி, அதன் விபி8 என்ற வீடியோ வடிவத்தைக் கட்டணமின்றி வெளியிட்டது. போட்டி வடிவமான எச்.264க்கு உரிமக் கட்டணம் இருந்தது. வெளியாட்கள் செயலி எழுதினால்தான் ஒரு வடிவம் பரவும், அவ்வளவுதான் கணக்கு.

சந்தேகமா? விபி8 விவரக்குறிப்பு ஆர்எஃப்சி 6386 என்ற பொதுத் தொழில்நுட்ப ஆவணமாக 2011 முதல் இணையத்தில் கிடக்கிறது. திறந்து பாருங்கள்: பிட், ஃபிரேம் கணக்குகள்தான், யாருடைய கலியாணமும் இல்லை.

ஆகவே எதையும் அழிக்க வேண்டாம். அந்தத் தகவலை ஃபோர்வர்ட் செய்யாதீர்கள். அனுப்பியவர் மாமாவோ சித்தியோ என்றால், சண்டை போடாமல் இதை அனுப்பிவிடுங்கள்.