கம்பத்துக்குக் குழி வேண்டும்

எங்கள் வீதி மாரியம்மன் கோயிலுக்குத் திருப்பணி செய்வதென்று முடிவாகியிருப்பதில் எனக்கு முழு மகிழ்ச்சி. மண்டபத்து ஓடுகள் உடைந்து, ஐப்பசி மழையில் அம்மன் நடை வரைக்கும் ஒழுகுவதைப் பார்த்த எவரும் அதை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அந்தத் திட்டத்தில் உள்ள இரண்டு வேலைகளை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கோயிலுக்கு முன்னால் இருக்கும் மண் வாசல் முழுவதையும் கிரானைட் பதித்து மூடிவிடுவது ஒன்று. ஆண்டுதோறும் மரம் வெட்டி வந்து கம்பம் நடும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, செம்புத் தகடு போர்த்திய நிரந்தரக் கம்பம் ஒன்றை நிறுவிவிடுவது மற்றொன்று. இரண்டும் நல்லெண்ணத்தில் சொல்லப்பட்டவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இருந்தாலும் இவை நடந்தால் கட்டடம் புதிதாகும், நோம்பி என்று நாங்கள் சொல்லும் திருவிழா போய்விடும்.

கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்குக் கம்பத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மூன்று கவையாகக் கிளைத்த மரத்தைப் பார்த்து வைத்து, பூசை செய்து வெட்டி, பட்டை சீவி, நீர்நிலைக்குக் கொண்டுபோய்க் கழுவி, மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி, இரவு நேரத்தில் அம்மனுக்கு நேர் எதிரே நடுகிறோம். அந்த மரம்தான் அம்மனின் கணவன். நட்ட இரவிலிருந்து பிடுங்கும் நாள் வரை அம்மன் சுமங்கலியாக இருக்கிறாள். அந்த நாள்களில் ஊரில் கல்யாணம் வைக்கமாட்டார்கள், வெளியூர் போனவர்கள் இரவுக்குள் வீடு திரும்பிவிடப் பார்ப்பார்கள். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் கம்பத்தின் கவையில் மாலைதோறும் பூவோடு என்னும் தீச்சட்டி வைத்து நெருப்பு வளர்ப்பார்கள். அந்த வெளிச்சத்தில் தப்பட்டை அடிக்கு ஏற்ப ஆண்கள் கம்பத்தைச் சுற்றி ஆடும் ஆட்டம், நோம்பி சாட்டிய ஊர்களில் இன்றும் நள்ளிரவு வரை நடக்கிறது.

ஈரோட்டில் இது ஒரு நகரத்தின் விழாவாகவே நடக்கிறது. பெரிய மாரியம்மன், சின்ன மாரியம்மன், காரைவாய்க்கால் மாரியம்மன் ஆகிய மூன்று கோயில்களுக்கும் பங்குனியில் செவ்வாய்க்கிழமை இரவு விழாவைத் தொடங்கும் பூச்சாட்டு, அந்தச் சனிக்கிழமை இரவு கம்பம் நடுதல், பிறகு காரைவாய்க்காலில் குண்டம் என்னும் தீமிதி, தேர் என்று ஒவ்வொன்றாக நடந்து, கடைசியாக ஒரு சனிக்கிழமை மூன்று கம்பங்களையும் பிடுங்கி மணிக்கூண்டுப் பகுதியில் ஒன்றுசேர்த்து ஊர்வலமாகக் கொண்டுபோய்க் காரைவாய்க்காலில் விடுகிறார்கள். வழிநெடுகக் கம்பத்தின்மேல் உப்பும் மிளகும் வீசுகிறார்கள். மஞ்சள் நீரில் கடைவீதியே நனைந்து போகிறது. கரூரில் வைகாசியில் மாரியம்மன் கம்பம் அமராவதிக்குப் போகும் அன்று ஊரே ஆற்றுக்கு வந்துவிடும். எங்கள் வீதிக் கோயில் இவற்றோடு ஒப்பிடும் அளவுக்குப் பெரியதல்ல. ஆனால் முறை ஒன்றுதான், அந்த முறையின் உயிரும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

அந்த உயிர், பெண்கள் கம்பத்துக்கு ஊற்றும் தண்ணீர். கம்பம் நட்ட மறுநாள் விடியற்காலை மூன்று மணி, நான்கு மணிக்கே வீதியில் குழாயடிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். தலைக்குக் குளித்து, ஈரப் புடவையோடு, செருப்பில்லாமல், மஞ்சள் கரைத்து வேப்பிலை போட்ட குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவோம். எத்தனை குடம் என்பது அவரவர் வேண்டுதலைப் பொறுத்தது. கம்பத்தை மூன்று சுற்றுச் சுற்றி, அடியில் ஊற்றி, அங்கே குழைந்து கிடக்கும் மஞ்சள் மண்ணை விரலில் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, வீட்டில் தூங்கும் பிள்ளைக்கும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போவோம். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் என் அமுச்சி, அம்மாவைப் பெற்றவர். "மேல வீசியடிக்காத கண்ணு, குனிஞ்சு அடியில ஊத்து. அவசரப்படாத, பின்னால நிக்கறவங்க நிப்பாங்க" என்பார். வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்பவர்களும் அப்படியே நின்றார்கள். ஒரு பெண் கம்பத்தடியில் எவ்வளவு நேரம் நின்று அழுதாலும், என்ன பேசினாலும், அவளை யாரும் நகரச் சொன்னதில்லை.

கருவறைக்கு முன்னால் கம்பி வேலி உண்டு, நடுவில் பூசாரி உண்டு, தட்டு உண்டு, சீட்டு உண்டு. கம்பத்துக்கு முன்னால் இவற்றில் ஒன்றும் கிடையாது. தன் கையால் நேராக ஊற்றித் தொட்டுக் கும்பிடும் வழிபாடு எங்கள் வீதிப் பெண்களுக்கு ஆண்டில் இந்தச் சில நாள்களில்தான் கிடைக்கிறது. இது எல்லா ஊரிலும் எல்லோருக்கும் கிடைத்திருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். சில தெருக்காரர்களைக் கம்பத்தருகே விடாத ஊர்கள் கொங்கில் உண்டு என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தப்பட்டை அடிப்பதற்கு அழைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்ற வரக்கூடாது என்பது அம்மனுக்கு அடுக்காத செயல். திருப்பணிக் குழுக்கள் மாற்றியே ஆக வேண்டியது ஒன்று இருக்குமானால் அது இதுதான்.

அம்மை நோயே ஒழிந்துவிட்ட பிறகு இதெல்லாம் எதற்கு என்று படித்த தம்பிகள் சிலர் கேட்கிறார்கள். அது நியாயமான கேள்விதான். பெரியம்மையின் கடைசித் தொற்று இந்தியாவில் 1975இல் பதிவானது, 1980இல் உலகத்தை விட்டே அது நீங்கிவிட்டதாக அறிவித்தார்கள், அதைச் சாதித்தது தடுப்பூசி. இதில் மறுக்க ஒன்றுமில்லை. மாரியம்மனைக் கும்பிட்ட நம் பாட்டிமார்கள்தான் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுபோய்த் தடுப்பூசியும் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஆனால் சின்னம்மை கண்ட வீட்டில் இன்றைக்கும் நாம் என்ன செய்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். வாசலில் வேப்பிலை செருகுகிறோம், தாளிப்பு வாசம் வராமல் சமைக்கிறோம், அம்மை இறங்கியதும் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுகிறோம். கம்பத்துக்கு நாம் ஊற்றுவதும் அதே தண்ணீர். பங்குனி வெயிலில், கிணறு வற்றும் நேரத்தில், ஒரு வீட்டுப் பிள்ளைக்குச் செய்வதை ஊருக்கே செய்துகொள்ளும் சடங்கு இது என்றுதான் நான் புரிந்துவைத்திருக்கிறேன். நோய்க்கு மருந்து வந்துவிட்டது என்பதற்காக, ஊர் குளிர வேண்டும், மழை வர வேண்டும் என்ற வேண்டுதல் முடிந்துபோவதில்லை.

இனி, குழு சொல்லும் காரணங்களுக்கு வருகிறேன். மண் தரை சேறாகிறது, வயதானவர்கள் வழுக்கி விழுகிறார்கள் என்பது முதல் காரணம். மஞ்சள் தண்ணீர் கொட்டிய கிரானைட்டில் ஈரக்காலோடு நடந்து பார்த்தவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். வழவழப்பான கல்லில் விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். சேறுதான் சிக்கல் என்றால், கம்பக் குழியைச் சுற்றி இரண்டு பாகம் (பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம்) அகலத்துக்கு மண்ணை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு வெளியே சொரசொரப்பான கருங்கல் பலகை போட்டு, தண்ணீர் வேப்பமரத்தடிக்கு ஓடும்படி ஒரு கல் வாய்க்கால் வெட்டினால் போதும். பழைய வாய்க்கால் ஒன்று அங்கே இருக்கத்தான் செய்கிறது. குப்பை அடைத்துக் கிடக்கிறது.

கவை மரம் கிடைப்பது அரிதாகிவிட்டது என்பது இரண்டாவது காரணம். அது உண்மை. வேலியோர மரங்களை எல்லாம் வீட்டு மனைக்காக வெட்டியாகிவிட்டது. அதற்காக மரத்தையே விட்டுவிட வேண்டுமா? கோயிலுக்குச் சொந்தமான காலி நிலத்தில் கம்பத்துக்கென்றே பத்து இருபது மரங்களை இப்போதே நட்டு, வீதிக்கு ஒரு குடும்பம் தண்ணீர் விட்டால், அடுத்த தலைமுறைக்குக் கவலை இருக்காது. மரம் வளரும் வரை, தோட்டம் வைத்திருக்கும் உறவுக்காரர்களிடம் கேட்டால் கொடுப்பார்கள். அம்மனுக்குக் கம்பம் கேட்டு இல்லை என்று சொன்ன தோட்டக்காரரை நான் கண்டதில்லை.

நிரந்தரக் கம்பத்தில் எனக்குள்ள பெரிய மறுப்பு வேறு. அதைப் பிடுங்க முடியாது. எங்கள் கோயிலில் கம்பம் பிடுங்கும் இரவு, பூசாரி அம்மன் கழுத்திலிருந்து தாலியைக் கழற்றி, பூவை எடுத்து, விளக்கைத் தணித்துவிட்டு நடை சாத்துவார். தப்பட்டை அடி மாறும். அதுவரை கலகலவென்று நின்ற பெண்கள் வாய்விட்டு அழுவார்கள். கணவனை இழந்தவர்கள் அன்றைக்கு முன்வரிசையில் நிற்பார்கள், அவர்களுக்கு யாரும் வழிமறிக்கமாட்டார்கள். ஊரைக் காக்கும் தெய்வமே ஆண்டுக்கொரு முறை தாலியறுத்து நிற்கிறாள் என்பதை வேறு எந்தச் சன்னதியில் பார்த்துவிட முடியும்? விசேஷ வீடுகளில் ஒதுங்கி நிற்கப் பழக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு அந்த இரவு என்ன தருகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மறுநாள் மஞ்சள் நீராட்டில் அவர்கள் மேலும் தண்ணீர் தெளிக்கிறோம். செம்புத் தகட்டுக் கம்பம் ஆண்டு முழுக்க மின்விளக்கில் பளபளத்துக்கொண்டு நிற்கும்; இந்த இரவு நடக்காது.

அரசமரத்தடி மேடையில் அமாவாசைதோறும் பகல் பதினொரு மணிக்குக் கூடும் கூட்டத்தில், ஆண்கள் பத்துப் பேர் கூடித் தீர்மானித்த விஷயம் இது. குடம் தூக்குபவர்களை ஒருவரும் கேட்கவில்லை. வருகிற கூட்டத்தை இரவு எட்டு மணிக்கு மேல் வைக்கும்படி குழுவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பகல் ஷிப்டு தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் போகும் பெண்கள் அப்போதுதான் வர முடியும். கம்பக் குழிக்கும் மரம் நடுவதற்கும் ஆகும் செலவில் எங்கள் வீட்டுப் பங்கை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். மற்ற வீதிக்காரர்களும் தங்கள் வீட்டுப் பெண்களோடு வந்து கலந்துகொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.