கொங்கணாபுரம் ஏலத்துக்கு வந்து சேர்ந்த அமெரிக்க வரி

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டபோது என் முகநூல் பக்கத்தில் ஒரே வீராவேசம். "நாமும் பதிலுக்குப் போட வேண்டும்" என்றார்கள். போட்டுப் பார்த்தவர்கள்தானே நாம்? 2018-இல் உருக்குக்கும் அலுமினியத்துக்கும் அவர்கள் வரி போட்டார்கள். 2019 ஜூனில் நாம் பாதாம், வால்நட், ஆப்பிள் உட்பட 28 பொருட்களுக்குக் கூடுதல் வரி விதித்தோம். அதைக் கட்டியவர் துறைமுகத்தில் சரக்கெடுத்த நம் இறக்குமதியாளர். அவர் அதை விலையில் ஏற்றினார். சேலம் லீ பஜாரில் கால் கிலோ பாதாம் வாங்கியவரின் தலையில் அது விழுந்தது. 2023-இல் பேச்சுவார்த்தை நடத்தி அவற்றில் பலவற்றை விலக்கிக்கொண்டோம். பதிலடி ஆசைக்கு இவ்வளவு போதும்.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். இந்த வரிச் சண்டையில் யார் கத்தினால் அரசுகளின் காதில் விழுகிறது, யார் கத்தினால் விழுவதில்லை என்பதில்.

2025 ஆகஸ்ட் 7-இல் 25 சதவீதம். ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று 27-ஆம் தேதி இன்னொரு 25. அப்போது வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20 சதவீதம்தான். திருப்பூர் பனியனும் கரூர் படுக்கை விரிப்பும் எப்படிப் போட்டி போட்டிருக்கும்? பஞ்சாவது மலிவாகக் கிடைக்கட்டும் என்று ஆலைகள் கேட்டன. மத்திய அரசு இறக்குமதிப் பஞ்சின் மீதிருந்த 11 சதவீத வரியை ஆகஸ்ட் 19 முதல் செப்டம்பர் 30 வரை நீக்கியது. அந்தக் கெடு முடியும் முன்பே, ஆகஸ்டு மாதத்திலேயே, டிசம்பர் 31 வரை நீட்டித்தது. ஆலைகளின் கோரிக்கையில் நியாயம் உண்டு. வேலை போனால் முதலில் போவது தையல் இயந்திரத்தின் முன்னால் இருக்கும் பெண்ணுக்குத்தான். ஆனால் அந்த 11 சதவீதம் எதற்காக வந்தது? 2021 பட்ஜெட்டில், பருத்தி விவசாயிக்குப் பயன்படும் என்று சொல்லிப் போட்ட வரி அது. அதை எடுக்கும்போது அந்த விவசாயியை யார் கேட்டார்கள்?

சேலம் மாவட்டத்துக் கொங்கணாபுரத்தில் சனிக்கிழமைகளில் கூட்டுறவுச் சங்கத்தின் பருத்தி ஏலம் நடக்கும். பார்க்காதவர்கள் ஒரு நாள் போய்ப் பாருங்கள். பி.டி. ரகம், டி.சி.எச். ரகம், கடைசியாகக் கழிவாக நிற்கும் கொட்டுப் பருத்தி என்று தனித்தனியாக மூட்டைகள். வியாபாரி மூட்டையின் வாயைப் பிரித்து, மேலே இருப்பதை ஒதுக்கிவிட்டு, முழங்கை வரை கையை உள்ளே விடுவார். அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கத்தான். பிறகு ஒரு சிட்டிகைப் பஞ்சை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து இழுத்து இழை நீளம் பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். மூட்டைக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் நிற்பார். பருத்தி எடுத்த ஆட்களுக்குக் கூலி ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது; மூட்டையைத் திருப்பி ஏற்றிப் போக வண்டி வாடகை வேறு. அரசு அறிவித்த ஆதரவு விலை 2025-26-க்கு நடுத்தர இழைக்குக் குவிண்டால் 7,710 ரூபாய், நீள இழைக்கு 8,110. ஏலம் கேட்கும் வியாபாரியை அது கட்டுப்படுத்தாது. அவர் கணக்கு ஆலை தரும் விலையை வைத்து. ஆலையின் கணக்கு தூத்துக்குடியில் வந்து இறங்கும் பஞ்சின் விலையை வைத்து.

எங்கள் பக்கம் மானாவாரிப் பருத்தியை எடுப்பது தை, மாசியில். டிசம்பரோடு சலுகை முடிகிறதே, அப்புறம் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். டிசம்பருக்குள் வரியில்லாமல் வந்து குடோனில் அடுக்கிய பேல்களை வைத்திருக்கும் ஆலைக்குத் தை மாதம் என்ன அவசரம்?

இப்போது அப்படியே ஏற்காட்டைப் பாருங்கள். சில்வர் ஓக் நிழலில் அரபிகா, அந்த மரத்திலேயே மிளகுக் கொடி. காபி, தேயிலை, நறுமணப் பொருட்கள் ஆகியவற்றுக்கு 2025 நவம்பரில் அமெரிக்கா விலக்கு அளித்தது. சேர்வராயன் மலைத் தோட்டக்காரர் மீது வந்த பாசமா? அமெரிக்காவில் காபி விளைவது ஹவாய், போர்ட்டோ ரிக்கோ போன்ற ஓரிரு இடங்களில்தான். பிரேசிலுக்கும் 50 சதவீதம் போட்டதில் அவர்கள் வீட்டுக் காபி விலை ஏறியது, ஓட்டுப் போடுகிறவர் முணுமுணுத்தார், வரி இறங்கியது.

கொலுசுத் தொழிலுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தென்கிழக்கு ஆசிய நாடுகளுடன் போட்ட ஆசியான் வர்த்தக ஒப்பந்தத்தின் வழியே தாய்லாந்திலிருந்து வெள்ளி நகைகள் குவிந்தபோது, 2025 செப்டம்பரில் மத்திய அரசு அந்த இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆக, உள்ளூர் உற்பத்தியாளரைக் காப்பாற்ற வழி தெரியாமல் இல்லை. நகைத் தொழிலுக்குப் பேச ஆள் இருக்கிறது. பருத்திக் காட்டுக்கு இல்லை.

ஆலைக்குச் சலுகை தருவதானால் தாருங்கள். ஆனால் சலுகை இருக்கும் பருவத்தில் ஏல விலை ஆதரவு விலைக்குக் கீழே போனால், வித்தியாசத்தை விவசாயியின் வங்கிக் கணக்கில் போடுங்கள். சங்கத்தின் ஏலச் சீட்டில் எடையும் விலையும் இருக்கிறது; கணக்குப் போட வேறு எதுவும் வேண்டாம். நம் பகுதி எம்.பி.க்கள் கட்சி பார்க்காமல் இந்த ஒன்றையாவது கேட்க வேண்டும்.