அமெரிக்க உள்நாட்டு விமானங்களை மலிவுச் சம்பள வெளிநாட்டு விமானிகள் ஓட்டுகிறார்களா?

"வெளிநாட்டு மலிவுக் கட்டண நிறுவனங்கள் உரிமம் இல்லாத விமானிகளைக் குறைந்த சம்பளத்துக்கு எடுத்து, நியூயார்க் – லாஸ் ஏஞ்சலஸ் போன்ற தடங்களில் பறக்க அமெரிக்கா அனுமதி கொடுத்துவிட்டது" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

அமெரிக்க நகரங்களுக்கு இடையே பயணிகளை ஏற்றிச்செல்ல வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அந்நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. உரிமம்? சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான 1944 சிகாகோ உடன்படிக்கையின் 32-வது பிரிவுப்படி, விமானம் பதிவான நாடு கொடுத்த அல்லது ஏற்றுக்கொண்ட உரிமம் இல்லாமல் யாரும் சர்வதேச விமானத்தை ஓட்ட முடியாது.

வதந்திக்கு வேர் எது என்றால், அநேகமாக நார்வே நாட்டு மலிவுக் கட்டண விமான நிறுவனமான நார்வீஜியனின் விவகாரம்தான். அதன் அயர்லாந்து துணை நிறுவனத்துக்கு அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2016 டிசம்பரில் அனுமதி தந்தது. அதுவும் அட்லாண்டிக் கடந்த சேவைக்கு, உள்நாட்டுக்கு அல்ல. ஆசிய ஏஜென்சிகள் வழியாக ஒப்பந்தத்தில் ஆள் எடுத்து ஊதியத்தையும் உரிமைகளையும் குறைப்பார்கள் என்று அமெரிக்க விமானிகள் சங்கம் கடுமையாக எதிர்த்தது. அந்தக் கவலை நியாயமானதே. அதற்காகப் பொய் சேர்க்க வேண்டியதில்லை. அப்புறம், 2021 ஜனவரியிலேயே நார்வீஜியன் நெடுந்தூரச் சேவையைக் கைவிட்டுவிட்டது.

அனுமதி ஆணையை அமெரிக்க அரசின் ரெகுலேஷன்ஸ்.கவ் தளத்தில் யாரும் படிக்கலாம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.