பாஸ்வேர்டு தேயாது

ஞாயிற்றுக்கிழமை எங்கள் காலனிக் கூட்டத்தில் நடந்ததைப் பலரும் வீடியோவாகவே பார்த்துவிட்டீர்கள். பாஸ்வேர்டு பாதுகாப்பு பற்றிப் பேச வந்த நிபுணரை நான் எழுந்து கேள்வி கேட்டேன், பாதியிலேயே உட்காரவைத்துவிட்டார்கள். அதனால் முழுக் கதையையும் மறுபடி எழுதப்போவதில்லை. "உட்காருங்க மேடம்" என்று வருகிற இடம் எல்லோருக்கும் ரொம்பப் பிடித்திருக்கிறது போல. எனக்கே நான்கு பேர் அனுப்பிவிட்டார்கள், சிரிக்கிற பொம்மையோடு.

அன்று பாதியில் நின்றதை இங்கே முடித்துவிடுகிறேன். இங்கே யாரும் மைக்கைப் பிடுங்க முடியாது.

நிபுணர் சொன்னது இதுதான்: பாஸ்வேர்டு என்பது பல் தேய்க்கிற பிரஷ் மாதிரி, அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது, மாதம் ஒருமுறை மாற்றிவிட வேண்டும். பலத்த கைதட்டல். முதல் பாதிக்கு நானும் கைதட்டினேன். பிரச்சினை இரண்டாவது பாதியில். பிரஷ் தேயும், அதனால் மாற்றுகிறோம். பாஸ்வேர்டு தேயாது சார். ஆயிரம் தடவை தட்டினாலும் அதன் முனை மழுங்காது. நீளமானது, வேறெங்கும் வைக்காதது, யாரிடமும் சொல்லாதது என்றால் ஐந்து வருடம் கழித்தும் அது அப்படியேதான் இருக்கும்.

இதைத்தான் எழுந்து கேட்டேன். அதற்கு அவர், "உங்க வீட்டு பீரோ சாவியை மாத்தவே மாட்டீங்களா மேடம்?" என்றார். கூட்டமே சிரித்தது. ஏன் சிரித்தார்கள் என்று இன்றுவரை புரியவில்லை. ஆமாம், மாற்ற மாட்டேன். எங்கள் வீட்டு பீரோ அம்மாவின் கல்யாணச் சீராக வந்தது, அதே சாவிதான் இன்னும். சாவி தொலைந்தால் பூட்டை மாற்றுவோம். வேலையை விட்டுப் போனவர் கையில் ஒரு சாவி இருந்தால் மாற்றுவோம். ஒன்றாம் தேதி ஆகிவிட்டது என்று பூட்டுக்காரரைக் கூப்பிட்ட வீட்டை நீங்கள் யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

இன்னொன்று. இது நான் ரசம் தாளிக்கும்போது தோன்றிய யோசனை இல்லை. (அவர் "வீட்டுல இருக்கிறவங்களுக்கு இதெல்லாம் புரியறது கஷ்டம்தான்" என்றாரே, அதற்காகச் சொல்கிறேன். இருபத்திரண்டு வருடமாகக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன் சார்.) பாஸ்வேர்டு விஷயத்தில் உலகம் முழுக்க எடுத்துக்காட்டுவது அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டைத்தான். இத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள், திருட்டுப் போனதற்கு அறிகுறி இருந்தால் மட்டும் மாற்றச் சொல்லுங்கள் என்று அவர்கள் 2017-லேயே எழுதிவிட்டார்கள். 2025-இல் வந்த புதிய பதிப்பில் அதைத் தடையாகவே ஆக்கிவிட்டார்கள், வற்புறுத்தவே கூடாது. பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையமும் இதையேதான் சொல்கிறது. விண்டோஸுக்கான தன் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து மைக்ரோசாஃப்ட் 2019-இல் இந்தக் காலாவதி விதியைத் தூக்கிவிட்டது. அவர்கள் சொன்ன காரணம் எளிமையானது. பாஸ்வேர்டு திருட்டுப் போகவில்லை என்றால் மாற்றத் தேவையில்லை. போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிடமே மாற்ற வேண்டும், ஒன்றாம் தேதிக்காக யார் காத்திருப்பார்கள்? திருடனும் காத்திருக்க மாட்டான். சாவி கிடைத்த அன்றே வருவான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்ற பழைய அறிவுரையை 2003-இல் அதே நிஸ்ட்டுக்காக எழுதிய பில் பர், ஓய்வு பெற்ற பிறகு 2017-இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில், அப்போது செய்ததில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாகச் சொன்னார். எழுதியவரே கைவிட்டதை எங்கள் காலனியில் பொன்னாடை போர்த்திக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அடிக்கடி மாற்றச் சொன்னால் மனுஷன் என்ன செய்வான்? பழையதன் வாலைப் பிடித்து இழுப்பான். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டு மாற்றக் கட்டாயம் இருந்தது. அங்கே பயன்பாட்டில் இல்லாத 7,700-க்கும் மேற்பட்ட கணக்குகளின் பழைய பாஸ்வேர்டுகளை எடுத்து ஆராய்ந்த கட்டுரை 2010-இல் வந்தது. பழையது ஒன்று தெரிந்தால் புதியதை ஊகிக்க முடியுமா என்று பார்த்தார்கள். 41 சதவீதக் கணக்குகள் கணினி முன்னால் சில நொடிகளில் விழுந்தன. 17 சதவீதம் ஐந்தே முயற்சிக்குள்.

எங்கள் ஆபீசில் ஒரே முயற்சி. நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் மென்பொருள் எங்களிடம் இருக்கிறது. ஓய்வுபெறும் வயதில் ஒரு சார் இருந்தார். நேர்மையானவர், பாஸ்வேர்டை யாரிடமும் சொன்னதே கிடையாது. அவர் திடீரென்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்ட அன்று வரிக் கணக்குத் தாக்கல் செய்யக் கடைசி நாள். பிரிவே கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது டீ கொண்டுவரும் தம்பி சொன்னான்: "மீனாட்சி போட்டு 27 போடுங்கக்கா. போன தடவை 26-ன்னு முணுமுணுத்துக்கிட்டே அடிச்சாரு." திறந்துவிட்டது. மூன்று வருடத்துக்கும் மேலாக ஒழுங்காக மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார் மனுஷர்! விதியை மீறவே இல்லை. பாதுகாப்பும் இல்லை.

சரி, இப்போது பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு.

"வங்கியே மாற்றச் சொல்கிறதே, நீங்கள் வங்கியைவிடப் பெரிய ஆளா?" இல்லைங்க. வங்கித் திரை கேட்டால் மாற்றித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை, நானும் மாற்றுகிறேன். கேட்காத இடத்திலும் மாதாமாதம் நீங்களாகவே மாற்றுங்கள் என்று வயதானவர்களைப் பயமுறுத்துவதோடுதான் என் சண்டை.

"லிங்க்ட்இன் என்ன ஆச்சு?" என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். வேலைத் தொடர்புகளுக்கான அந்தத் தளத்தின் பாஸ்வேர்டுகளை 2012-இல் திருடினார்கள், அப்போது 65 லட்சம் என்றார்கள். 2016-இல்தான் 11 கோடிக்கு மேல் விற்பனைக்கு வந்தது. இடையில் மாற்றியவர்கள் தப்பித்தார்கள். நியாயம்தான். ஆனால் அங்கே பெரிய அடி யாருக்கு விழுந்தது? லிங்க்ட்இன்னில் வைத்த அதே பாஸ்வேர்டை மெயிலுக்கும் மற்ற இடங்களுக்கும் வைத்தவர்களுக்கு. ஒரு கடையில் களவுபோன பட்டியலை வைத்துக்கொண்டு ஊரில் உள்ள எல்லாக் கதவிலும் போட்டுப் பார்ப்பதுதான் இன்றைய திருட்டு. அப்படியென்றால் ஒவ்வொரு கதவுக்கும் வேறு சாவி வையுங்கள் என்றுதானே அவர் அன்று முழங்கியிருக்க வேண்டும்? ஒன்றரை மணி நேரப் பேச்சில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. பிரஷ்ஷுக்குப் பத்து நிமிடம்.

"கம்ப்யூட்டரின் வேகம் கூடிக்கொண்டே போகிறதே?" கூடட்டும். நீளமாக வையுங்கள். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்துப் பதினைந்து எழுத்துக்கு மேல் வைத்தால் போதும். எல்லாவற்றையும் ஞாபகம் வைக்க முடியாது என்றால் பிட்வார்டன், கீபாஸ் மாதிரி பாஸ்வேர்டுகளைப் பூட்டிவைக்கும் செயலி ஒன்றில் போட்டுவையுங்கள். ஓடிபியை, அதாவது பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொன்றையும் கேட்கும் இரட்டைப் பூட்டை, அணைக்காதீர்கள்.

எப்போதுமே மாற்ற வேண்டாம் என்று நான் சொன்னதாக ஒருவர் எழுதியிருக்கிறார். வீடியோவை முழுசாகப் பாருங்கள் தம்பி. யாரிடமாவது சொல்லிவிட்டால் மாற்றுங்கள், அது தங்கை மாப்பிள்ளையாக இருந்தாலும். பிரவுசிங் சென்டரில், ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் தட்டியிருந்தால் மாற்றுங்கள். போன் தொலைந்தால், நீங்கள் போகாத ஊரிலிருந்து யாரோ நுழைந்ததாக மெயில் வந்தால், கசிந்த பட்டியலில் உங்கள் மெயில் முகவரி இருப்பதாக 'ஹேவ் ஐ பீன் ப்வ்ன்ட்' தளம் காட்டினால், அன்றைக்கே மாற்றுங்கள். ஒரே பாஸ்வேர்டை இரண்டு இடத்தில் வைத்திருந்தால் இந்தப் பதிவைப் படிப்பதை நிறுத்திவிட்டுப் போய் மாற்றுங்கள், மெயிலில் ஆரம்பித்து. ஏனென்றால் மற்ற எல்லாக் கதவின் சாவியும் அந்த மெயிலுக்குத்தான் வந்து சேருகிறது. காரணம் இருந்தால் மாற்றுங்கள் என்கிறேன். தேதி ஒரு காரணம் இல்லை. பாஸ்வேர்டு தேயாது.

"மாத்தினா என்ன நஷ்டம்? அஞ்சு நிமிஷ வேலை. சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு வியாக்கியானமா?" இதை எழுதியவர் என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர்.

நஷ்டம் என்னவென்று சொல்கிறேன். நாற்பத்தாறாயிரம் ரூபாய்.

அப்பா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். போன் வழியாக வங்கிக் கணக்கு பார்க்க எழுபத்து மூன்று வயதில் தானாகவே கற்றுக்கொண்டார். அவர் வங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்: ஒவ்வொரு தடவையும் ஒரு குறளின் முதல் சொல், ஒரு குறி, குறள் எண். அகர முதல, ஒன்று. கற்றதனால், இரண்டு. மலர்மிசை, மூன்று. தமிழ் வாத்தியார் வேறு எப்படிச் செய்வார்? (அந்தக் கணக்கை மூடியாகிவிட்டது, யாரும் போட்டுப் பார்க்க வேண்டாம். குறளைப் பாஸ்வேர்டாக வைப்பது நல்ல யோசனையும் இல்லை, அடுத்தது என்ன என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.) 2023-இல் எட்டாவது குறள் வரை வந்திருந்தார். ஒரு நாள் காலையில் காலாவதி ஆகிவிட்டது, மாற்று என்றது திரை. ஒன்பதாவது, கோளில் பொறியின். அதை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதினோம், குறி போட்டோமா இல்லையா, ஏற்றுக்கொண்டதா இல்லையா என்று குழம்பி, ஒன்பதைப் போட்டு, எட்டைப் போட்டு, மறுபடி ஒன்பதைப் போட்டு, கணக்கு பூட்டிக்கொண்டது. எனக்குப் போன் செய்திருக்கிறார். நான் ஆடிட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எடுக்கவில்லை.

இணையத்தில் தேடி வாடிக்கையாளர் சேவை எண் என்று ஒன்றைப் பிடித்துவிட்டார். எடுத்தவன் அவ்வளவு மரியாதையாகப் பேசினானாம், வார்த்தைக்கு வார்த்தை ஐயா. போன் திரையை அவனுக்குக் காட்டும் செயலி ஒன்றை இறக்கச் சொன்னான். இந்த மாதிரிச் செயலிகளைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்திருக்கிறது, அப்பாவுக்கு அது எப்படித் தெரியும்? அவனே கூட இருந்து பாஸ்வேர்டை மாற்றிக்கொடுத்தான். அதே திரையில் வந்த ஓடிபிகளைப் படித்துக்கொண்டு இரண்டு தவணையில் பணத்தை எடுத்தான். சாயங்காலம் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு நான்தான் போன் செய்தேன். முடக்கி வைத்த பதினோராயிரம் ஏழு மாதம் கழித்து வந்தது. மற்றது போனது போனதுதான்.

பணம் போன நேரத்தில் அந்தப் பாஸ்வேர்டுக்கு வயது கால் மணி நேரம். எங்கள் காலனியிலேயே அன்று மிகப் புதிய பாஸ்வேர்டு அதுதான்.

அதற்கப்புறம் வீட்டில் நடந்தது பாஸ்வேர்டு சம்பந்தப்பட்டதில்லை, ஆனாலும் சொல்கிறேன். பெங்களூரிலிருந்து அண்ணன், "வயசான காலத்துல எதுக்குப்பா இதெல்லாம்" என்றான். அத்தை நேரிலேயே வந்து சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தும்போதுகூடச் சிவப்பு மையில் பெரிதாகச் சுழிக்காத மனுஷர், நாற்பது பேர் சுழித்துவிட்டுப் போனதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது போனில் வங்கி பார்ப்பதில்லை. மாதாமாதம் பஸ் ஏறிப் போய், பாஸ்புக் பதிகிற இயந்திரத்தின் முன்னால் வரிசையில் நிற்கிறார். நான் போகிறேன் என்றால் கொடுப்பதில்லை.

இதெல்லாம் தெரிந்த ஒருவர்தான் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி காலனி வாட்ஸ்அப் குழுவில், "மேடம் அவங்க அப்பா விஷயத்தை அதுக்குள்ள மறந்துட்டாங்க போல. ஒழுங்கா மாத்தியிருந்தா அன்னைக்குப் பணம் போயிருக்குமா?" என்று எழுதினார். பதினேழு பேர் கட்டைவிரல் போட்டிருக்கிறார்கள். ஒழுங்காக மாற்றியதால்தானே ஐயா போனது!

அந்தக் குழுவில் அப்பாவும் இருக்கிறார் என்பது யாருக்கும் நினைவில்லை. இருந்தார் என்று சொல்ல வேண்டும். அந்த வரி வந்து கொஞ்ச நேரத்தில் அவர் சத்தமில்லாமல் வெளியேறிவிட்டார், அங்கே நாலு பேர் குட் நைட் போட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் கேட்டேன். "போன்ல இடம் பத்தலம்மா, அதான்" என்றார்.

நானும் வெளியேறிவிட்டேன். திரும்பச் சேர்க்க வேண்டாம். தண்ணீர் லாரி வருகிற நேரத்தை மட்டும் யாராவது தனியாக அனுப்புங்கள்.