கீரைப் பாத்தியை இடம் மாற்றுங்கள் என்றுதான் சொன்னேன்

சனிக்கிழமை நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பள்ளிக்கூடச் சுற்றுச்சுவருக்கு வெளியே போட்ட கீரைப் பாத்தி, கீரைக்கட்டோடு பிள்ளைகள் நின்ற படம், அதற்குக் கீழே "ரோட்டுத் தூளில் இருக்கிற உலோகம் கீரையில் ஏறும், பாத்தியை இடம் மாற்றுங்கள்" என்று நான் எழுதிய இரண்டு வரி, அப்புறம் எனக்கு விழுந்த ஏச்சு. "ஊரில் நல்லது நடந்தால் பொறுக்காதவன்" என்று, எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்களே எழுதியிருக்கிறார்கள்.

தோட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இடம் மாற்றுங்கள் என்றேன். அந்தப் பாத்தியிலிருந்து நாலு எட்டு வைத்தால் கொல்லம் ரோடு. புளியரை வழியாகக் கேரளா போகிற ஜல்லி லாரியும் எம்-சாண்ட் லாரியும் அதில்தான் ஓடுகின்றன. பள்ளிக்கூடம் என்பதால் வேகத்தடை வேறு. ஒவ்வொரு வண்டியும் அங்கேதான் பிரேக் பிடிக்கிறது. தேய்கிற பிரேக்கின் தூளில் செம்பு இருக்கும், ஆன்டிமனி என்கிற உலோகம் இருக்கும். டயர் ரப்பரில் துத்தநாகம் இருக்கிறது. அதோடு காட்மியம் என்கிற நச்சு உலோகமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். எல்லாம் பக்கத்து மண்ணில்தான் இறங்குகிறது. புகை கண்ணுக்குத் தெரிகிறது, இது தெரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஈயப் பெட்ரோல்தான் எப்பவோ போச்சே" என்றார் ஓர் அண்ணாச்சி. சரி, ஈயம் கலந்த பெட்ரோலை 2000-லேயே நாடு முழுக்க நிறுத்திவிட்டார்கள். பெட்ரோல் போனது, அதன் புகையோடு வந்து மண்ணில் விழுந்த ஈயம் போகவில்லை அண்ணாச்சி. அது மக்காது. மழை பெய்தாலும் பெரும்பாலும் ஆழத்துக்கு இறங்காமல் மேல்மண்ணிலேயே பிடித்துக்கொண்டு கிடக்கும். நாம் கீரை விதைப்பது அந்த மேல்மண்ணில்தான்.

இவனுக்கு என்ன தெரியும் என்று கேட்டவர்களுக்கு: நான் வளர்ந்தது பட்டறையில். அப்பா லாரிக்கு பிரேக் லைனிங் அடிப்பார். டிரம்மைக் கழற்றிக் காற்றடித்தால் கறுப்பாகத் தூள் கிளம்பும். அந்த முகத்தோடுதான் வந்து மதியச் சோறு சாப்பிடுவார். சக்கரம் பேலன்ஸ் பண்ணுகிற ஈயக்கட்டி ரோட்டோரம் விழுந்து கிடக்கும். அதைப் பொறுக்கி உருக்கி, தூண்டிலுக்குக் குண்டு செய்வோம். குண்டைப் பல்லால் கடித்துத்தான் தூண்டில் நரம்பில் இறுக்குவோம். ஒருத்தரும் எங்களைத் தடுத்ததில்லை. தெரிந்திருந்தால் அப்பா தடுத்திருப்பார். எனக்குத் தெரியும், அதனால் சொன்னேன். இதில் பொறாமை எங்கிருந்து வந்தது?

"கழுவினால் போயிடும்" என்கிறார்கள். இலைமேல் படிந்த தூசி ஓரளவு போகும், ஒத்துக்கொள்கிறேன். வேர் உறிஞ்சியதை எந்தத் தண்ணீரில் கழுவுவது? கொதிக்க வைத்தாலும் உலோகம் சாகாது, அது கிருமி இல்லை. அதிலும் கத்தரி, தக்காளிப் பழத்தைவிடக் கீரை இலைதான் இதை அதிகமாக இழுத்து வைத்துக்கொள்ளும். "நாங்கள் சாப்பிட்டு நல்லாத்தானே இருக்கோம்" என்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. நீங்கள் ஐம்பது வயது ஆள். வயிற்றுக்குள் போகிற ஈயத்தில் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு வரை குழந்தை உடம்பு எடுத்துக்கொள்ளும். அது மூளை வளர்ச்சியில் கை வைக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஈயத்துக்கு ஓர் அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து போகும் காய்கறியில் பூச்சிமருந்து இருக்கிறது என்று கேரளாவில் யாராவது பேசினால் நமக்கு எவ்வளவு கோபம் வருகிறது! அவர்கள் தங்கள் பிள்ளைகள் தட்டில் விழுவதைப் பற்றிக் கேட்கிறார்கள். நம் பிள்ளைகள் தட்டைப் பற்றி நம்மில் ஒருவன் கேட்டால் அவன் ஊருக்கு எதிரி. இருபது வருஷமாக இந்த ஊர் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நின்றிருக்கிறேன். ஒரு படத்துக்குக் கீழே எழுதிய இரண்டு வரியில் அதெல்லாம் போய்விட்டதா?

அந்தப் பிள்ளைகளின் உழைப்பை நான் குறை சொல்லவே இல்லை. கட்டடத்துக்குப் பின்னால், கிணற்றுப் பக்கம் காலி இடம் கிடக்கிறது. ரோட்டிலிருந்து தள்ளிப் போகப் போக இந்தத் தூள் வேகமாகக் குறையும், நடுவில் கட்டடமும் மறைக்கும். அந்த மண்ணையும் ஒரு தடவை பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்துவிடலாம், செலவு என்னுடையது. ரோட்டோரப் பாத்தியில் செவ்வந்தி வைக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மண்வெட்டியோடு அங்கே இருப்பேன். ஏசியவர்களும் வரலாம்.