சாவியைக் கொடுத்தால் கடை வாடகை பாக்கி தீர்ந்துவிடுமா?

"நஷ்டத்தில் கடையை மூடுகிறீர்களா? சாவியை ஓனரிடம் கொடுங்கள். பாக்கி அட்வான்ஸில் கழிந்துவிடும், அதற்கு மேல் ஒரு பைசா கேட்க முடியாது" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தவறு.

அட்வான்ஸைக் கழித்த பிறகும் பாக்கி நின்றால் அது கடன்தான். ஒவ்வொரு மாத வாடகைக்கும், அது கட்ட வேண்டிய நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் ஓனர் சிவில் வழக்குப் போடலாம். கடை உங்கள் ஒருவர் பெயரில் என்றால் அதன் கடன் உங்கள் சொந்தக் கடன். கூட்டு வியாபாரத்தில் முழுத் தொகையையும் எந்தப் பார்ட்னரிடமும் கேட்கலாம். பிரைவேட் லிமிடெட் என்றால், தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்துப் போடாத டைரக்டரின் சொந்தச் சொத்துக்குப் பொதுவாக ஆபத்தில்லை.

இதற்கு நேர் எதிராக, "பாக்கி வைத்தால் ஜெயில்" என்றும் ஒரு புரளி. வாடகை கட்டாதது மட்டுமே குற்றமாகாது என்று 2022இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் பாக்கிக்காகக் கொடுத்த செக் பவுன்ஸ் ஆனால் கதை வேறு. நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணம் தராவிட்டால், செக் பவுன்ஸுக்கான சட்டத்தின் (Negotiable Instruments Act) 138ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு.

சரி, சாவி கொடுப்பதில் பயனே இல்லையா? உண்டு. ஓனர் ஒப்புக்கொண்டு வாங்கினால் பொதுவாக அன்றோடு வாடகை ஏறுவது நிற்கும். வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வருவது இதில் சேராது. தேதி, கரண்ட் மீட்டர் ரீடிங், "சாவி பெற்றுக்கொண்டேன்" என்ற வரி, கீழே ஓனர் கையெழுத்து, இவ்வளவும் ஒரு தாளில் வேண்டும். ஒப்பந்தத்தில் லாக்-இன் காலம் (இடையில் காலி செய்யக் கூடாது என்று ஒப்புக்கொண்ட காலம்) இருந்தால், சாவி கொடுக்கும் முன்பே வக்கீலைப் பாருங்கள்.