மழையை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்

ராமநாதபுரம் கடலோரக் கிராமங்களில் விவசாயம் நொடித்ததற்கு மழை பொய்த்ததே காரணம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் உண்மை. இங்கே மழை என்றைக்குத்தான் கொட்டித் தீர்த்தது? புழுதியில் விதைத்து, ஐப்பசி, கார்த்திகை மழையைக் கண்மாயில் (ஏரியில்) பிடித்துத்தானே தொண்டிப் பக்கத்து ஊர்கள் நெல் கண்டன! நாரைகூடப் பறந்து கடக்க முடியாத அளவு பெரியது என்பதால் 'நாரை பறக்காத 48 மடை' என்று பேர்பெற்ற ராஜசிங்கமங்கலம் கண்மாய் எதற்காக வெட்டப்பட்டதாம்? ஊரார் கூடிக் கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்து நின்றது, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்தது, கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் மண்டியது. உழுதவர்கள் அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டார்கள். பிள்ளைகள் வளைகுடாவுக்கு விமானம் ஏறினார்கள். (யாரைக் குறை சொல்வது?) அது போகட்டும், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த மாவட்டத்து முண்டு மிளகாயைப் (உருண்டை மிளகாய்) பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே, ஏன்? நிலத்தை இன்னும் விடாதிருக்கும் பலருக்குக் கைகொடுப்பது அதுதான்.